ஸ்கேனில் ஒன்றுமில்லை

ஜூன் 16, திங்கள்

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் நரம்பியல் டாக்டர். தலைவலி எப்போது வருகிறது, தூக்கம் எப்படி, மறதி உண்டா என்பதெல்லாம். அவருக்கு என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். "கதை மாதிரி வேண்டாம் மேடம். பாயின்ட் பாயின்ட்டா எழுதினாப் போதும்" என்றார். பாதி ஆயுளைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அப்சர்வேஷன் நோட்டு திருத்தியே கழித்தவளிடம் இதைச் சொல்கிறார்.

நடந்தது இது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு ஒரு கல்யாணம். மண்டபம் இதே பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. என் கணவர் நயினார் வண்டி ஓட்டினார். நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். "இங்கன இருக்குற மண்டபத்துக்கு எதுக்கு உலகு? பூவு நசுங்கிரும்" என்றார். உலகம்மா என்ற பெயரை அவர் பாதிதான் கூப்பிடுவார். தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தேன். மண்டபத்துக்கு முன்னால் புதிதாக ஒரு வேகத்தடை முளைத்திருந்தது, அதற்கு வெள்ளைக் கோடு இன்னும் போட்டிருக்கவில்லை. நயினாரும் வண்டியும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன். பின்மண்டையில் அடி. அடுத்த கொஞ்ச நேரம் என் கணக்கில் இல்லை. வரவேற்பு மேஜையிலிருந்து பன்னீர்ச் செம்பை எடுத்துவந்து யாரோ என் முகத்தில் தெளித்தார்களாம். மாப்பிள்ளையை விட எனக்குத்தான் அன்றைக்கு மரியாதை அதிகம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. சீட்டில் 'லேசான மூளைக்காயம்' என்று எழுதியிருக்கிறது. "மைல்ட்தான் மேடம், பயப்படாதீங்க." நீர்த்த அமிலமும் அமிலம்தான் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பூ நசுங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஜூன் 18, புதன்

தலைவலி. குக்கர் விசில் மண்டைக்குள் அடிக்கிறது. விசில் வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறேன். பருப்பு வேகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நலம் விசாரிக்க வருகிறவர்களால் எனக்கு நலம் குறைகிறது. இதுவரை சேர்ந்திருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்களை வைத்து ஒரு கடை போடலாம். வருகிற எல்லோருக்கும் தலையில் அடிபட்ட உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒன்று புத்தி பேதலித்துப் போயிருப்பார், இல்லை அடிபட்ட பிறகு இந்தி சரளமாகப் பேசியிருப்பார். இரண்டுக்கும் நடுவில் யாரும் சாதாரணமாகப் பிழைத்துக் கிடந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் துறையிலிருந்து எஸ்தர் வந்தாள். இருப்பவர்களில் சிநேகிதி என்று சொல்லக்கூடியவள். "ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்க உலகம்மா. நான் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்கள சமாளிச்சுக்கிடுதேன்." ஆரஞ்சு வாங்கி வந்திருந்தாள். அவள் போன பிறகு ஒன்றை உரித்தேன். இனிப்பும் புளிப்பும் இருந்தது, ஆரஞ்சு இல்லை. சளி பிடித்திருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

சிந்து புனேயிலிருந்து பேசினாள். எங்களுக்கு ஒரே மகள், அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கிளம்பி வருகிறேன் என்றவளிடம், நீ வந்து என் மண்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, டிக்கெட் காசுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள் என்றேன். "அடிபட்டும் அந்த வாய்க்கு ஒண்ணும் ஆகல" என்று சிரித்தாள்.

நயினார் இன்று மத்தியானம் என் ரசத்தைப் பாராட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் 'உப்பு' என்ற ஒரு சொல்தான். அது கூடுதலா குறைவா என்பதை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு "ரசம் பிரமாதம் உலகு" என்றார். மின்வாரியத்தில் பொறியாளர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பாராட்டிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

ஜூலை 6, ஞாயிறு

நாளை கல்லூரிக்குத் திரும்புகிறேன். அதற்கு முன் ஒரு சோதனை.

சளி இல்லை என்பது போன வாரமே தெரிந்துவிட்டது. நயினார் குளிக்கப் போன நேரத்தில் காப்பித்தூள், பெருங்காயம், சூடம், பினாயில் ஆகியவற்றைச் சின்ன டப்பாக்களில் போட்டு, கண்ணை மூடி, இடம் மாற்றி, முகர்ந்து பார்த்தேன். நான்கும் ஒன்றுதான், காற்று. பெருங்காயத்தை மூக்கில் அப்பிக்கொண்டும் பார்த்தேன். குளித்துவிட்டு வந்தவர், "மூக்குல என்னது மஞ்சளா?" என்று கேட்டார். முகப்பூச்சு என்றேன். நம்பிவிட்டார்.

முடிவு: மூக்கு போய்விட்டது. தலை சரியாக இருக்கிறது. இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மூன்றாம் ஆண்டுக்குச் செய்முறை வகுப்பு. அறைக்குள் நுழைந்ததும் அம்மோனியா மூக்கில் சுர்ரென்று ஏறியது. ஒரு கணம் சந்தோஷத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. அது வாசனை இல்லை, எரிச்சல். எரிச்சலைச் சொல்லுகிற நரம்பு வேறு. முகத்தில் கிள்ளினால் தெரிவதும் அந்த நரம்பால்தான்.

இன்றைக்கு எஸ்டர் சோதனை. சோதனைக்குழாயில் பழ வாசனை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிஸில்லா என்ற பெண் குழாயை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மேடம், பழ வாசனை வருதா?"

"அத நீதான் சொல்லணும். அப்சர்வேஷன் உன்னோடது."

"இல்ல மேடம், நீங்க எப்பவும் மோந்து பாத்துட்டுத்தான டிக் போடுவீங்க."

"இந்த வருசத்துல இருந்து அப்படி இல்ல. உங்க மூக்க நீங்க நம்பிப் பழகணும்."

வகுப்பு முடிந்ததும் எஸ்தர் வந்து, இது நல்ல கற்பித்தல் முறை, தானும் பின்பற்றப்போவதாகச் சொன்னாள். மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை வளர்கிறதாம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கலாம் என்றும் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

துணி சோப்பு விளம்பரம் ஒன்று. ஒரு சின்னப் பையன் சேற்றில் விழுந்து எழுகிறான். அவ்வளவுதான் விஷயம். கண்ணில் தண்ணீர் வந்து நிற்கவே இல்லை. டிவி வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை போலிருக்கிறது.

ஜூலை 19, சனி

டாக்டரிடம் போனோம். நயினார் ஆட்டோவுக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை, அது போர்வை போர்த்திக்கொண்டு கார்ஷெட்டில் தூங்குகிறது.

தலைவலி குறைந்திருக்கிறது என்றேன். அது உண்மை.

"தூக்கம்?"

"நல்லா வருது."

"எரிச்சல், கோபம்?"

"நான் வாத்தியார் தம்பி. அது சம்பளத்தோட வர்றது."

சிரித்தார். "மனசு எப்படி இருக்கு மேடம்? சில பேருக்கு இந்த மாதிரி அடிக்கு அப்புறம் கொஞ்சம் டவுனா இருக்கும்."

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க."

அதற்குப் பிறகும் ஒரு தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இப்படி வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குவதெல்லாம் ஒரு அளவீடா? கடைசிக் கேள்விக்கும் இல்லை என்றேன். கொஞ்சம் தாமதமாக.

ஜூலை 27, ஞாயிறு

குளிக்கவில்லை. தாமிரபரணியில் தண்ணீர் குறைவு, சிக்கனம் நல்லது. நேற்றும் சிக்கனம்தான்.

ஆராய்ச்சி இதழ் இரண்டு மாதமாக உறை பிரிக்காமல் கிடக்கிறது. பிரித்தால் படிக்க வேண்டும், படித்தால் புரிய வேண்டும். மூன்றாவது வரியில் முதல் வரி காணாமல் போகிறது. வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்குப் போகிற படிக்கட்டில் நின்றுகொண்டு, எதற்காக ஏறுகிறேன் என்று யோசித்தேன். வேலை மறந்துவிடவில்லை. அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஏறுவதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை.

நயினார் வெண்டைக்காய்ப் பச்சடியைப் பாராட்டினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி வந்தார்கள். நயினாரின் அக்கா, பெயர் பிரமு. பேருந்தை விட்டு இறங்கும்போதே கண்டக்டரைத் திருத்திவிட்டு வருகிற ரகம்.

மதினிக்குத் தேங்காய்ப்பால் சொதி பிடிக்கும். தேங்காயை உடைத்தேன். உடைத்ததும் மூடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான், கை தானாகப் போகும். வாடை ஏதுமில்லை. ஆகவே தேங்காய் நல்ல தேங்காய். பாலெடுத்து, காய் போட்டு, இறக்கி, எலுமிச்சை பிழிந்தேன். இஞ்சித் துவையலும் அரைத்தேன்.

இலை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மதினி ஒரு கவளம் வாயில் வைத்தார்கள். எழுந்துபோய் வாசலில் துப்பிவிட்டு வந்தார்கள்.

"ஏளா உலகு, என்னத்தளா ஊத்தி வச்சிருக்க? அழுவத் தேங்காய அரச்சு ஊத்தியிருக்க. இந்த வாடை தெருமுனை வரைக்கும் அடிக்கே!"

"நல்லாத்தான இருக்கு" என்றார் நயினார். இரண்டாவது தடவை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதினி தம்பியை உற்றுப் பார்த்தார்கள். "எலேய் நயினாரு, ஒனக்கும் மண்டைல அடிபட்டுட்டால? மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும்."

"சாப்பிடுக்கா, சும்மா சத்தம் போடாத."

"எத்தன நாளா இப்படித் திங்க?"

அவர் கையைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. அந்த ரசமும் பச்சடியும் என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? வண்டி ஓட்டுனவன் நானு. ஹெல்மெட் வேண்டாம்னவனும் நானு. இதுல ரசம் சரியில்லன்னு வேற சொல்லணுமா?"

எனக்கு வாசனை தெரியவில்லை, அன்றிலிருந்தே தெரியவில்லை என்று சொன்னேன். இலையைப் பார்த்துச் சொன்னேன். பழுதான கருவியை வைத்துத் தேங்காயைச் சோதித்து, அது நல்லதென்று முடிவெழுதியிருக்கிறேன். என் மாணவி செய்திருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மதினி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்கள். ஒரு புளிக்குழம்பு தயாரானது. போகிறபோது என்னிடம், "மூக்கு போச்சு, சரி. மூஞ்சி எங்க போச்சுளா? சிரிச்சா பல்லு கொட்டிரும்னு டாக்டர் சொன்னானா?" என்று கேட்டார்கள்.

நான் எப்போதும் அதிகம் சிரிக்கிறவள் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இப்போது சமையல் நயினார். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று அக்காவுக்குப் போன் போட்டு, அதைச் சுவரில் பென்சிலால் குறித்துவைக்கிறார். குக்கரைத் திறப்பதற்கு முன் மெயின் லைனில் கைவைக்கப் போவதுபோல் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்கிறார். சாம்பாரின் ருசி எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிகிறது. பாராட்டு நின்றுவிட்டது.

எனக்கு வேலை எதுவும் இல்லை. நல்ல வசதி.

ஆகஸ்ட் 9, சனி

பால் பொங்கிவிட்டது. அவர் சத்தம் போட்டார். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று எழுதியது சரியான பதிவு இல்லை. ஒரு பெண் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தருவேன். திரும்ப எழுதுகிறேன்.

நயினார் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பாலை மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அடுப்படியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பால் ஏறுகிற சத்தம் கேட்டது. வழிகிற சத்தம் கேட்டது. பிறகு அடுப்பு அணைந்த சத்தம். அதற்கும் ஒரு சத்தம் உண்டு, கவனித்தால் கேட்கும். அடுத்து என்ன வெளிவருகிறது என்பதும், அது என் மூக்குக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பாடமாக நடத்துகிறவள் நான்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சாக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்த திருகு ரொம்ப தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் நன்றாக இருந்தது.

அவர் படியிறங்கும்போதே வாடையைப் பிடித்துவிட்டார். ஓடிவந்து கேஸை அடைத்தார், ஜன்னலையெல்லாம் திறந்தார், என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒருநாளும் சத்தம் போடாதவர் சத்தம் போட்டார்.

"மூக்கு இல்ல, சரி, தெரியும். காதுமா இல்ல உனக்கு?"

முற்றத்திலேயே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், கையில் ஒன்றுமே இல்லை.

காது நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது. "சனிக்கிழம காது கேட்டுச்சுங்க. எல்லாம் கேட்டுச்சு."

கத்தியைக் கீழே வைத்தார். அழுவாரோ அல்லது கோவிலுக்குக் கூப்பிடுவாரோ என்று பயந்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"எப்ப இருந்து இப்படி?"

"தெரியல. ஜூன்ல இருந்தே இருக்கும்."

"மனசு டாக்டர்ட்ட போவோமா?"

அந்தத் துறையைப் பற்றி எனக்கிருக்கும் ஐயங்களை எடுத்துச் சொன்னேன். கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள், ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீசுக்குத் தெனம் ஒருத்தன் போன் போடுவான், லைட்டு மங்கலா எரியுதுன்னு" என்றார். "ஆள அனுப்பிப் பாப்போம். கம்பி அறுந்திருக்காது, ஃபியூஸ் போயிருக்காது, மீட்டரும் ஓடும். எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு எழுதிட்டு வந்துரலாம். ஆனா அவன் வீட்ல மங்கலாத்தான எரியுது? லோ வோல்டேஜ்னு ஒண்ணு இருக்குல்லா."

"நீங்க என்னைய லோ வோல்டேஜ்ல ஓடுத மோட்டாருன்னு சொல்லுதீங்களா?"

"மோட்டார்னா காயில் மாத்திருவேன். உன்ன என்ன செய்யன்னுதான் தெரியல எனக்கு."

சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்து மீதிக் காயை நறுக்கினார்.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் ஜெசிந்தா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நரைக்குச் சாயம் போடவில்லை. அதனால் ஒரு மதிப்பெண் கூட்டினேன். கணவரை வெளியே அனுப்பவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை, அதுவாக இருக்கலாம்.

"காலைல எந்திரிச்சதும் மொதல்ல என்னம்மா தோணும்?"

"விடிஞ்சிருச்சேன்னு."

"மொதல்ல எதெல்லாம் பிடிக்கும் உங்களுக்கு?"

யோசித்தேன். உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. "பேப்பர்ல தப்புக் கண்டுபிடிப்பா" என்றார் நயினார். "தெனம் காலைல ஒண்ணாவது கண்டுபிடிச்சு எங்கிட்டக் காட்டுவா. இப்ப ரெண்டு மாசமா பேப்பர்ல தப்பே வரல டாக்டர்."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டார்: "இப்படியே எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணிருக்கா?"

அதே கடைசிக் கேள்வி. இவர் தாளைப் பார்க்காமல் கேட்டார். பக்கத்து நாற்காலியில் நயினாரின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் அது நின்றுவிடும். வீட்டுக்குப் போகலாம். அவர் சுவரில் குறித்த கணக்குப்படி பருப்பு வேகும்.

"ஆமா" என்றேன்.

"ஏதாவது செஞ்சுக்கிடணும்னு?"

"செஞ்சுக்கிடணும்னு இல்ல. எதையும் தடுக்கணும்னு தோணல."

என் ரத்த வகையைச் சொன்னதுபோல் தலையாட்டிக்கொண்டு எழுதினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு விளக்கினார். தலையில் அடிபட்டவர்களில் பலருக்கு இது வருகிறது. படத்தில் தெரியாத அளவில் மூளை குலுங்கியிருக்கிறது. தூக்கம், கவனம், மனநிலை எல்லாம் அதே மூளையின் வேலைதான். "மைல்டுங்கிறது அந்த அடிக்கு வச்ச பேரும்மா. நீங்க படுறதுக்கு வச்ச பேரு இல்ல." மாத்திரை, வாரம் ஒருமுறை பேச்சு, மூக்குக்குத் தனியாக ஒரு பயிற்சி. நயினாருக்கும் வேலை கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு நான் அடுப்படியில் தனியாக இருக்கக் கூடாது, மோசமான நாளில் யாரிடம் சொல்வது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

வருகிற வழியில் ஆட்டோவில் நயினார் அழுதார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரில ஏதும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகல" என்றேன் நான். "ஆயிரக் கூடாதுன்னுதான் வந்துட்டுப் போறோம்."

"அப்ப நல்லதாப் போச்சு. பாட்டுப் போடட்டாம்மா?"

"வேண்டாம். தலை வலிக்கும்."

ஆகஸ்ட் 20, புதன்

மாத்திரையால் வாய் உலர்கிறது, குமட்டுகிறது. குணம் ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் ஆகும் என்றார்கள். மாத்திரை வேலை செய்தால், அது மாத்திரையாலா இல்லை நாள் போனதாலா என்று எப்படித் தெரியும் என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியாதும்மா. தெரிஞ்சுதான் சரியாகணும்னு கட்டாயமா?" என்றார். ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், ரோஜா என்று நான்கையும் முகர வேண்டும். வராத வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டுமாம். பக்திமான்கள் இதைத்தான் காலங்காலமாகச் செய்கிறார்கள் என்று நயினாரிடம் சொன்னேன். "நீ பேசுத பேச்சுக்கு மாத்திர வேலை செய்யுது போல" என்றார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மோசமான நாள். அவரிடம் சொன்னேன். லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மின்வாரியச் சுற்றறிக்கைகளைச் சத்தமாக வாசித்தார். தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

செய்முறை வகுப்பில் சொல்லிவிட்டேன். எனக்கு அடிபட்டது, வாசனை தெரியாது, ஆகவே ஆய்வகத்தில் எந்த வாடை வந்தாலும் உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அது பாதுகாப்பு விஷயம், மறைத்தது தப்பு.

பிரிஸில்லா கை தூக்கினாள். "மேடம், அப்ப ஜூலைல எனக்கு டிக் போட்டது?"

"ஏன்?"

"எனக்குப் பழ வாசனையே வரல மேடம். நீங்க கேட்டதால வருதுன்னு சொன்னேன்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. தாமதமாக நானும் சிரித்தேன். அவளைத் திரும்பச் செய்யச் சொன்னேன்.

ஆசிரியர் அறையில் எஸ்தரிடம் மட்டும் மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். கதவைப் பார்த்தாள், கைப்பையைத் திறந்தாள், தைராய்டு மாத்திரைக்கு அடியிலிருந்து என்னுடையதைப் போலவே ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். "மூணு வருசமாச்சு உலகம்மா. வீட்ல வைட்டமின்னு சொல்லி வச்சிருக்கேன். மாமியார் அவங்களுக்கும் அந்த வைட்டமின் வேணும்னு கேக்காங்க." அந்தக் கருத்தரங்குக் கட்டுரையைக் கைவிட்டுவிட்டோம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காப்பிக்கு வாசனை வந்தது! எரிகிற டயர் வாசனை. நரம்புகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும்போது இப்படி ஆகுமாம், நல்ல அறிகுறியாம். நயினாருக்குத் தலைகால் புரியவில்லை. "டயரா? லாரி டயரா, சைக்கிள் டயரா?" என்று நுணுக்கமாக விசாரித்தார்.

அவர் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. "உங்களாலதான எல்லாம்" என்று ஆரம்பித்தேன். ஹெல்மெட், பூ, வேகத்தடை, அவர் கண்ணாடி போடாமல் ஓட்டுவது, கல்யாணத்துக்கு முன்பு சொன்ன ஒரு பொய் என்று எதையும் விடவில்லை. அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது மூச்சு வாங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார். "நான் இதவிடக் கூட இருக்கும்னு நெனச்சேன்."

பிறகு நான் பேப்பரை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு அமிலத்தின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அவரிடம் காட்டினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த வாரம் புதன் மட்டும் மோசம், மற்ற நாட்கள் பரவாயில்லை. படிக்கட்டு ஏறுவதற்குக் காரணம் தேடவில்லை, ஏறிவிட்டேன்.

பதினோரு மணிக்குச் சிந்து பேசினாள். அங்கே மழையாம். அவள் அறையில் புதிதாக வந்த பெண் மூன்று வேளையும் நூடுல்ஸ் தின்கிறாளாம். அப்பாவின் சமையலைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். கடைசியில், "நீ எப்படிம்மா இருக்க?" என்றாள். நல்லா இருக்கேன் என்பது பாதி வாய் வரை வந்துவிட்டது. டாக்டரிடமும், எஸ்தரிடமும் சொன்னாயிற்று. பெற்ற பிள்ளையிடம் சொல்வதுதான் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

"இன்னைக்குப் பரவால்ல சிந்து. புதன்கிழம ரொம்ப மோசம். ஜூன்ல இருந்தே சரியில்ல. உங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. இப்ப மனசுக்கு மாத்திர சாப்பிடுதேன்."

அந்தப் பக்கம் மழை கேட்டது.

"ஏம்மா சொல்லல?"

"நீ பயப்படுவன்னு நெனச்சேன். இன்னொண்ணு, எனக்கு இதெல்லாம் வரும்னு நானே நம்பல."

"ம்" என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அடுப்படியிலிருந்து நயினார் கறிவேப்பிலை எங்கே என்று கத்தினார். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"அம்மா."

"சொல்லு."

"நானும் நல்லா இல்லம்மா. ரொம்ப நாளாவே."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு நேரம் இருக்கு" என்றேன். "மொதல்ல இருந்து சொல்லு."